குறுக்குக்கோட்டுக்குக் கீழே ஐம்பத்தொரு மில்லி

1987 மார்ச் 23, திங்கட்கிழமை. காலை மணி 8.05.

ஓசூர் சிப்காட்டில் எட்டு மணிச் சங்கு ஊதி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. டூல்ரூம் சூபர்வைசர் நாராயணப்பன் பூட்டைத் திறந்து வழிவிட்டார். தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஜோதிமணி வழக்கம்போல் முதல் ஆளாக உள்ளே போனாள். சுவிட்சைப் போடக் கையை நீட்டியவள் நீட்டியபடியே நின்றுவிட்டாள்.

ஜப்பான்காரனின் முகம் உடைந்திருந்தது.

ஜப்பான்காரன் என்றதும் மனிதன் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த புரொஃபைல் புரொஜெக்டர். கடுகளவு பாகத்தை அதன் மேடையில் வைத்தால், நிழல் ஐம்பது மடங்கு பெருத்து, சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வட்டக் கண்ணாடித் திரையில் விழும். திரை நடுவே நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. அந்தக் கோடுகளில் வைத்துப் பார்த்தால் எந்தக் கொம்பன் செய்த வேலையாக இருந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். கடிகாரக் கம்பெனிக்கு அச்சு செய்து கொடுக்கும் அந்தச் சின்னத் தொழிற்சாலைக்கு அதுதான் உயிர். புதுத் திரை வர ஆறு மாதம் ஆகும்.

கோடுகள் சந்திக்கும் இடத்துக்குக் கீழே, நெடுங்கோட்டின் மேலேயே ஒரு துளை. சுற்றிலும் விரிசல். உள்ளே இருந்த கண்ணாடியும் சுக்கல் சுக்கலாகிக் கிடந்தது. தூளுக்கு நடுவே சப்பையாக ஒரு சின்ன ஈயத் துண்டு இருந்தது.

"ஏர் கன் குண்டும்மா," என்றார் நாராயணப்பன். அண்ணாந்து வெண்டிலேட்டரைப் பார்த்தார். "ரூம் பூட்டி இருந்துச்சு. ஜன்னலெல்லாம் உள்தாழ்ப்பா. அந்த வெண்டிலேட்டர்ல ஒரு கண்ணாடி விழுந்து மூணு மாசமாச்சு. அந்தச் சந்து வழியா யாரோ காம்பவுண்டுக்கு அப்பாலருந்து சுட்டிருக்கான். யாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லவே தேவையில்லை. அந்தத் தொழிற்சாலையில் ஏர் கன் வைத்திருப்பவன் என்று எல்லோருக்கும் தெரிந்தவன் ஒருவன்தான். டூல்ரூம் ஃபிட்டர் செல்வம், ஜோதிமணியின் புருஷன்.

மணி 8.40.

ஒர்க்ஸ் மேனேஜர் பெரியதம்பி வளவளவென்று பேசுகிறவர் அல்ல. செல்வத்தை எதிரே நிற்க வைத்தார். பக்கத்தில் நாராயணப்பன். கதவோரம் ஜோதிமணி.

"துப்பாக்கி எங்கே?"

"வீட்டுல சார்."

"அதுல என்னவோ வேலை பண்ணியிருக்கியாமே."

செல்வம் ஒளிக்காமல் சொன்னான். பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவாக வாங்கிய துப்பாக்கி. டிரிகரை இரண்டு விரல் போட்டு இழுத்தாலும் அசையாது. உள்ளே இருந்த கொக்கியை ஆயில்ஸ்டோனில் தேய்த்துத் தேய்த்து, லேசாகத் தொட்டாலே விடுகிற மாதிரி ஆக்கியிருந்தான். குறிபார்க்கும் பழைய ஸ்கோப் ஒன்றைப் பிடித்து, அதைத் தாங்கும் கிளாம்பும் தானே செய்து மேலே மாட்டியிருந்தான்.

"எவ்வளவு தூரத்துல அடிப்பே?"

"இருபத்தஞ்சு மீட்டர்ல ஒரு ரூபாக் காசை அடிப்பேன் சார்."

"காம்பவுண்டுக்கு வெளியேருந்து ஜப்பான்காரன் எவ்வளவு தூரம்?"

"அதே இருபத்தஞ்சு இருக்கும்."

"நேத்து எங்க இருந்தே?"

"பதினொண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும்... காம்பவுண்டுக்குப் பின்னாடி பொட்டல்ல. டப்பாவ வச்சு சுட்டுட்டிருந்தேன். எல்லா ஞாயிறும் போறதுதான் சார்."

"சனிக்கிழமை கேன்டீன்ல என்ன சொன்னே?"

அறையில் எல்லோருக்கும் அது தெரியும். சனிக்கிழமை செல்வம் செய்த, தகட்டில் துளை குத்தும் பஞ்ச் ஒன்றை, பத்து மைக்ரான் (மில்லியில் நூறிலொரு பங்கு) கூடுதல் என்று ஜப்பான்காரனில் காட்டி ரிஜெக்ட் செய்தவள் சாட்சாத் அவன் பெண்டாட்டி. கேன்டீனில் எல்லோரும் அவனை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். "அந்த ஜப்பான்காரன் கண்ணுல ஒரு குண்டு போட்டாத்தான் எனக்கு வீட்டுல சோறு ஒழுங்கா கெடைக்கும்" என்று செல்வமும் பதிலுக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தான். இப்போது அந்தச் சிரிப்பு அவன் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது.

பெரியதம்பி மேஜை மேல் இருந்த இரண்டு காகிதங்களை நகர்த்தி வைத்தார். ஒன்று, ஆறு வருடமாக டெம்பரவரியாக இருந்த செல்வத்தை ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் நிரந்தரமாக்கும் கடிதம். கையெழுத்துதான் பாக்கி. மற்றது வெற்றுத்தாள்.

"நாலரைக்கு ஷிஃப்ட் முடியும். அதுக்குள்ள டிஸ்மிஸ் ஆர்டர் டைப் ஆயிடும். கூடவே போலீஸ் கம்ப்ளெய்ன்ட்."

"நான் பேசிப் பாக்கிறேன் செல்வம், நீ பதறாத," என்று நாராயணப்பன் அவன் தோளைத் தட்டினார்.

ஜோதிமணி ஓர் அடி முன்னே வந்தாள். "சார், அளக்காம எந்தப் பீஸையும் ரிஜெக்ட் பண்ண எனக்கு அதிகாரம் இல்லைன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. நாலரை வரைக்கும் நான் அளந்துக்கிறேன். அப்புறம் நீங்க என்ன வேணாலும் டைப் அடிங்க."

பெரியதம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அளங்க. யாரைக் கேட்டாலும் பதில் சொல்லச் சொல்றேன்," என்றார்.

மணி 9.20.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவர்களுடையது. இந்த வேலையும் போய், போலீஸ் கேஸும் ஆனால் சிப்காட்டில் எந்தக் கேட்டும் செல்வத்துக்குத் திறக்காது. ஜோதிமணிக்கு அழுகை வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்துவிட்டு, வெர்னியர் அளவுகோலை எடுத்தாள்.

குறுக்குக்கோட்டின் நடுவிலிருந்து துளையின் நடு வரைக்கும் அளந்தாள். ஐம்பத்தொரு மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தும் அதேதான். பக்கவாட்டில் இம்மியும் விலகல் இல்லை. நேர் கீழே.

தன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், தன் கையில் வந்த ஒவ்வொரு பீஸையும் அதில் எழுதிவைப்பது அவள் வழக்கம். மேலே கடைசியாக இருந்தவை வெள்ளிக்கிழமைப் பதிவும் சனிக்கிழமைப் பதிவும். வெள்ளி: துளைபோடப் பீஸைப் பிடிக்கும் டிரில் ஜிக்குக்கு என்று சூபர்வைசர் கொண்டுவந்த கிளாம்ப் இரண்டு, டிராயிங் நம்பர் இல்லை, இரண்டும் ஒரே உயரம், முப்பத்திரெண்டு. சனி: செல்வம், பஞ்ச், ரிஜெக்ட். அந்தக் கடைசி வரியைப் பார்த்தபோது அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது.

திரைக்கு எதிரே இரண்டு மீட்டரில் ஒரு பெஞ்ச் வைஸ் இருந்தது. அதன் வாயில் ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். கோணி நார். இரும்பைப் பிடிக்கும் வைஸில் கோணியை வைத்து யார் எதைப் பிடித்தார்கள் என்று யோசித்தாள். அதையும் நோட்டில் எழுதினாள்.

மணி 10.15.

கேட்டில் வாட்ச்மேன் கங்கப்பன். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, கேட்டில் தமிழ் என்று பிரித்து வைத்திருப்பவர்.

"கங்கப்பண்ணே, நேத்து யார் யார் உள்ளே வந்தாங்க?"

ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டே பேருங்கம்மா. மெக்கானிக் சென்னப்பன், பத்தே காலுக்கு வந்து பன்னெண்டரைக்குப் போனாரு. கம்ப்ரஸருக்கு ஆயில் மாத்த. சூபர்வைசர் சாரு பத்து அம்பதுக்கு வந்தாரு, பதினொண்ணே முக்காலுக்குப் போனாரு. ஆபீஸ்ல ஏதோ லிஸ்ட் பாக்கணும்னாரு."

"டூல்ரூம் சாவி?"

"ஒண்ணு சூபர்வைசர்கிட்ட. ஒண்ணு இங்கே, அரக்கு வச்ச கவர்ல. உடைக்கவே இல்ல, பாருங்க."

அரக்கு முழுசாக இருந்தது.

"யாராவது எதாவது கொண்டு வந்தாங்களா?"

"சென்னப்பன் ஆயில் டின். சாரு பாரூர் தோட்டத்துலருந்து கரும்பு கொண்டாந்தாரு, கோணியில சுத்தி, ஸ்கூட்டர்ல வச்சு. எப்பவும் எனக்கு ஒரு கழி உருவிக் குடுப்பாரு. நேத்து என்னவோ ஞாபக மறதி." கங்கப்பனுக்கு அந்தக் குறை இன்னும் ஆறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சத்தம் ஏதாவது?"

"பதினொண்ணே கால் வாக்கில 'டப்'புனு ஒண்ணு. கம்ப்ரஸர்னு நெனச்சேன்."

சென்னப்பன் கம்ப்ரஸர் கொட்டகையில்தான் இருந்தான். போன மாதம் டப்பா சுடும் பந்தயத்தில் செல்வத்திடம் தோற்றவன். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

"உன் கம்ப்ரஸர் பதினொண்ணே காலுக்கு சத்தம் போட்டுச்சா சென்னப்பா?"

"பத்தரைக்கு நிறுத்தி ஆயில வடிய விட்டேன்கா. பன்னெண்டுக்குத்தான் ஓட விட்டேன். ஆயில் இல்லாம ஓட்ட நான் என்ன கிறுக்கனா?" கொஞ்சம் தயங்கினான். "உங்க வீட்டுக்காரர் சுடறத நான் பாக்கல. பாத்திருந்தா சொல்லியிருப்பேன். பாக்காதத சொல்ல மாட்டேன்."

சுட்ட நேரம் பதினொன்றே கால். அந்த நேரத்தில் செல்வம் சுவருக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நின்றிருக்கிறான். ஜோதிமணி அதையும் மறைக்காமல் நோட்டில் எழுதினாள்.

மணி 12.35.

மேனேஜர் சொன்னபடி கங்கப்பனைத் துணைக்கு வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் துப்பாக்கியை எடுத்துவர வீட்டுக்கு வந்தார்கள். கங்கப்பன் வாசலில் பீடி பற்றவைத்தார். ஜோதிமணி துப்பாக்கியை மேஜையில் கிடத்தி, குழலின் நடுவிலிருந்து ஸ்கோப்பின் நடு வரை அளந்தாள். நாற்பத்திரண்டு.

பரணில் செல்வம் சுட்டுப் பழகிய அட்டைகள் கட்டாக இருந்தன. எல்லாவற்றிலும் ஓட்டைகள் நடுவிலேயே குவிந்திருந்தன. ஒரே ஓர் அட்டையில் மட்டும் நடுவுக்கு இரண்டு விரற்கடை கீழே.

"இது என்னங்க, இதுல மட்டும் கீழே போயிருக்கு?"

"அது வீட்டுக்குள்ள, கிட்டத்துல வச்சு சுட்டது. கண்ணு பாக்குற ஸ்கோப் மேல இருக்கு, குண்டு போற குழல் கீழ இருக்கு. கிட்டத்துல சுட்டா கீழதான் விழும். இருபத்தஞ்சு மீட்டருக்குப் போனாத்தான் ரெண்டும் ஒண்ணா சேரும். அப்படித்தான் திருகி வச்சிருக்கேன்."

ஜோதிமணி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்.

"ஸ்கோப்பைப் புதுசா மாட்டினதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"உள்ள ஒரு குறுக்குக்கோடு இருக்கும்ல. அது சாயாம நேரா நிக்கணும். துப்பாக்கிய அசையாம கட்டி வச்சுட்டு, தூக்குநூல் தொங்கவிட்டு, அதோட ஒத்துப் பாத்து நேர் பண்ணினேன். அப்புறந்தான் சுட்டுப் பாத்து குறி வைக்கணும்."

"இதே மாதிரி டிரிகர் தேச்சு, ஸ்கோப் மாட்டின துப்பாக்கி வேற யார்கிட்ட இருக்கு?"

செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அதக் கேக்காத ஜோதி. ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"வேலை போகுது, ஜெயில் வருது. இப்பவும் வாக்கா?"

"அவரு எனக்காகப் பேசுறேன்னு சொல்லியிருக்காரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கேட்க வேண்டிய பதில் அதிலேயே பாதி வந்துவிட்டது. அதற்கு மேல் அவனை நோண்டவில்லை.

மணி 2.45.

டூல்ரூமில் பெரியதம்பி, நாராயணப்பன், சென்னப்பன், கங்கப்பன் எல்லோரும் நின்றார்கள். உடைந்த திரைமேல் ஒரு பலகையைச் சாத்தி, ஜோதிமணி அதில் அட்டை ஒட்டிக் குறுக்குக்கோடு வரைந்தாள். செல்வத்தின் துப்பாக்கியைத் துணி சுற்றி எதிரே இருந்த வைஸில் பிடித்து, ஸ்கோப்பின் கோட்டை அட்டையின் கோட்டில் பொருத்தினான் செல்வம். மூன்று குண்டு.

வெர்னியர் வைத்து அளந்து, மேனேஜரையே படிக்கச் சொன்னாள்.

"முப்பத்தொம்பது. முப்பத்தொம்பது. நாப்பது," என்றார் பெரியதம்பி. "எல்லாம் நேர் கீழே."

"வெளியேருந்து இவர் சுட்டிருந்தா, இவர் குறிக்கு நடுவுலதான் விழணும் சார். நேர் கீழே விழுந்திருக்கு. அப்போ சுட்டது இங்கேருந்து, கிட்டத்துல."

"கையாடி கீழே போயிருக்கலாமேம்மா," என்றார் நாராயணப்பன்.

"இருக்கலாம் சார். நாலரை ஆகலையே, இன்னும் கொஞ்சம் அளக்கிறேன்."

மணி 4.00. மேனேஜர் அறை.

இரண்டு காகிதங்களும் மேஜையில் இருந்தன. இப்போது இரண்டாவதும் டைப் ஆகியிருந்தது. காலையில் போலவே பக்கத்தில் நாராயணப்பன், எதிரே செல்வம்.

ஜோதிமணி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தாள்.

"பூட்டின ரூமுக்குள்ள, வைஸ் பக்கத்துலேருந்து சுட்டிருக்கு. வைஸ் வாயில கோணி நார் ஒட்டியிருந்துச்சு. துப்பாக்கிக் கட்டைல வடு விழக்கூடாதுன்னு கோணிய வச்சுப் பிடிச்சிருக்காங்க. ஆனா கோவத்துல உடைக்க வந்தவன் எதுக்கு சார் வைஸ்ல பிடிக்கணும்? அவர் சுட வரல. புதுசா மாட்டின ஸ்கோப்போட கோடு நேரா இருக்கான்னு பாக்க வந்திருக்காரு. வேற யாரா இருந்தாலும் தூக்குநூல் தொங்கவிடுவாங்க. டூல்ரூம்ல ஊறின மனுஷனுக்கு மட்டும்தான் அது தோணாது. ஓசூர்லயே நேரான கோடு ஜப்பான்காரன் நெத்தியிலதானே இருக்கு."

பெரியதம்பி சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"இவர் துப்பாக்கி முப்பத்தொம்பது காட்டுது. திரையில இருக்குறது அம்பத்தொண்ணு. வேற துப்பாக்கி, உயரமான கிளாம்ப். இன்னும் குறி வைக்காத ஸ்கோப், அதனால குழலும் ஸ்கோப்பும் தண்டவாளம் மாதிரி இணையாப் போகும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள உயரம் அப்படியே திரையில விழும். அதுவும் இதே மாடல்னு வச்சுக்குங்க. இந்த மாடல் துப்பாக்கியில குழல் நடுவுலேருந்து கிளாம்ப் உக்காருற மேல்பட்டை வரைக்கும் பத்தொம்பது மில்லி. இவர் கிளாம்ப் இருபத்திமூணு. அம்பத்தொண்ணுல பத்தொம்பது போனா முப்பத்திரெண்டு."

நோட்டைத் திறந்து மேனேஜர் முன்னால் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் அளந்த ரெண்டு கிளாம்ப். டிராயிங் நம்பர் இல்ல. உயரம் முப்பத்திரெண்டு. டிரில் ஜிக்குக்குன்னு சொல்லி என்கிட்ட கொண்டு வந்தது நாராயணப்பன் சார். நான் ஜிக் மேஸ்திரிகிட்ட கேட்டுட்டேன். அப்படி ஒரு ஜிக் இங்க கிடையாது."

நாராயணப்பன் நோட்டைப் பார்க்கவில்லை. ஜோதிமணியையும் பார்க்கவில்லை.

"டூல்ரூம் சாவி உங்ககிட்ட சார். பதினொண்ணே காலுக்கு நீங்க உள்ளே இருந்தீங்க. கோணியில இருந்தது கரும்பு இல்ல. கரும்பா இருந்திருந்தா கங்கப்பண்ணனுக்கு ஒரு கழி வந்திருக்கும். ஜீப் அனுப்பி உங்க துப்பாக்கிய எடுத்துட்டு வரச் சொல்லவா?"

பெரியதம்பி ஜீப்புக்குச் சொல்ல ஃபோனை எடுத்தார்.

"வேண்டாம்மா," என்றார் நாராயணப்பன். "பாரூர் தோப்புல கிளி மாம்பிஞ்ச ஒண்ணு விடல. செல்வம் துப்பாக்கியப் பாத்து அதே மாதிரி ஒண்ணு வாங்கினேன். அவனையே டிரிகர் தேய்க்கச் சொன்னேன், கிளாம்ப் அடிக்கச் சொன்னேன். கம்பெனி நேரத்துல பண்ணின வேலை, வெளியே சொல்லாதேன்னு வாக்கு வாங்கினேன். குண்டு இல்லாம சுட்டா உள்ளே பிஸ்டன் போயிடும்னு அவன்தான் சொன்னான். டிரிகர் எப்படின்னு வேஸ்ட் டப்பாவுல சுட்டுப் பாக்கலாம்னு ஒரு குண்டு போட்டு வச்சிருந்தேன். அதுக்கு முன்னாடி கோட்டப் பாத்துக்கலாம்னு குனிஞ்சேன். விரல் பட்டதுதான் தெரியும் சார். பழைய டிரிகரா இருந்தா அசைஞ்சே இருக்காது."

"காலையிலயே சொல்றதுக்கென்ன?" என்றார் பெரியதம்பி.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல. இன்னும் எட்டு மாசத்துல ரிட்டயர்மென்ட். பயந்துட்டேன்."

பெரியதம்பி டைப் செய்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். "கண்ணாடி உடைஞ்சதுன்னு வந்து நின்னிருந்தா நான் கண்ணாடிக்குத்தான் கணக்கு எழுதியிருப்பேன். நாலரைக்கு ஒரு குடும்பத்தை ரோட்டுல நிறுத்தப் போறேன்னு தெரிஞ்சும் என் பக்கத்துலயே நின்னீங்க பாருங்க, அத நான் எங்க எழுதறது? சாவியை வச்சுட்டுப் போங்க. மத்தது நாளைக்கு."

நாராயணப்பன் சாவியை மேஜையில் வைத்தார். செல்வத்தை நிமிர்ந்து பார்க்காமல் தாண்டிப் போனார்.

கம்பெனி நேரத்தில் சொந்த வேலை பார்த்ததற்காகச் செல்வத்துக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். அதை எழுதிய பிறகு அதே பேனாவால் நிரந்தரமாக்கும் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார் பெரியதம்பி.

மணி 4.45.

பாகலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நடந்தார்கள். நாள் முழுக்க நிறுத்தி வைத்திருந்த அழுகை கேட்டைத் தாண்டியதும் ஜோதிமணிக்கு வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை. செல்வத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேற்றுவதாக நினைத்துக்கொண்டு பெருமையாகப் பேசினான்.

"ஊரே நான்தான் சுட்டேன்னு சொல்லுச்சு. நீ ஒருத்திதான் நம்பல. என் மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கை."

ஜோதிமணி நின்றாள்.

"நம்பினேன்னு யார் சொன்னா? காலையில அந்த ரூம்ல நிக்கும்போது நீங்கதான் சுட்டிருப்பீங்கன்னுதான் நெனச்சேன். சனிக்கிழமை உங்க பஞ்சை ரிஜெக்ட் பண்ணினதுக்கு நேத்து மத்தியானம் வரைக்கும் மொகம் கொடுத்துப் பேசல. பொட்டலுக்குப் போயிட்டு வந்து சோறும் திங்கல. ஒரு வார்த்தை சொல்லாம வாக்கு, வாக்குன்னு வேற நின்னீங்க. நம்பியிருந்தா எதுக்குங்க நான் அளக்கணும்?"

பஸ் வந்தது, ஏறினார்கள். சீட் கிடைத்தபோது செல்வம் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான். இரண்டு ஸ்டாப் போன பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அந்தப் பஞ்ச் பத்து மைக்ரான் கூடத்தான் இருந்துச்சு ஜோதி. எனக்கு அன்னைக்கே தெரியும்."